வெண்கலத்தில் விடுபட்ட வரி

அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், ஓட்ஸேகோ என்ற ஏரிக்கரையில் கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஜனத்தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவு. ஊரை ஸ்தாபித்தவர் வில்லியம் கூப்பர். அவருடைய பிள்ளைதான் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர் என்ற நாவலாசிரியர். ஒரு நாவலாசிரியனின் குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிற ஊர் என்ற ஒரே காரணத்துக்காக எனக்கு அதன்மேல் கொஞ்சம் பட்சபாதம் உண்டு. ஆனால் அந்த ஊருக்கு வருஷந்தோறும் வந்து குவிகிற ஜனங்கள் கூப்பரின் நாவல்களை நினைத்துக்கொண்டு வருவதில்லை. பேஸ்பால் ஆட்டக்காரர்களின் வெண்கல முகங்களைப் பார்க்க வருகிறார்கள். பேஸ்பாலின் புகழ் மண்டபம் அங்கேதான் இருக்கிறது.

நாவல், சிறுகதை என்று பேசிக்கொண்டிருந்தவன் பேஸ்பாலுக்கு எங்கே வந்து சேர்ந்தான் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்த ஆட்டத்தின் நுணுக்கம் தெரிந்தவன் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். பந்தை எறிகிறவன் ஒருவன், மட்டையால் அடிக்கிறவன் ஒருவன், அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடிவர வேண்டும் என்ற அளவுக்குத் தெரியும். பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டால் அது ஹோம் ரன். நம் கிரிக்கெட்டின் சிக்ஸருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். என்னை இழுத்தது ஆட்டமல்ல, அதைப் பற்றிய சண்டை. அந்த மண்டபத்துக்குள் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று அமெரிக்கர்கள் தொண்ணூறு வருஷமாகச் சண்டை போடுகிறார்கள். படிக்கப் படிக்க அது எனக்கு இலக்கிய விமரிசனச் சண்டை மாதிரியே தோன்றியது. யார் பெரியவர், எதை வைத்து அளப்பது, அளக்கிறவனுக்கு என்ன தகுதி, மனிதனுடைய குணத்தையும் அவன் காரியத்தையும் சேர்த்துப் பார்ப்பதா, பிரித்துப் பார்ப்பதா? நாம் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்விகள்தாம்.

முதலில் ஒரு வேடிக்கை. அந்த மண்டபம் கூப்பர்ஸ்டவுனில் அமைந்ததற்குக் காரணமே ஒரு கட்டுக்கதை. பேஸ்பால் எங்கே பிறந்தது என்று விசாரிக்க இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குழு போட்டார்கள். 1907-ல் அது தீர்ப்புச் சொல்லிற்று: 1839-ல் கூப்பர்ஸ்டவுனில் ஆப்னர் டபிள்டே என்பவர் கண்டுபிடித்தார் என்று. சாட்சி, ஒரு கிழவருடைய பால்ய ஞாபகம். 1839-ல் டபிள்டே அந்த ஊரிலேயே இல்லை. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். தாம் ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடித்ததாக அவர் உயிரோடிருந்தவரை சொன்னதும் இல்லை. ஆனாலும் கதை நிலைத்தது. சிங்கர் தையல் மெஷின் பணத்துக்கு வாரிசான கிளார்க் குடும்பத்தார் அந்த ஊரில் செல்வாக்குள்ளவர்கள். பொருளாதார மந்தத்தில் ஊர் சோர்ந்து கிடந்த காலம். யாத்திரிகர்கள் வந்தால் நல்லது என்று ஸ்டீபன் கிளார்க் நினைத்தார். கற்பனையான பிறப்பின் நூற்றாண்டு விழாவாக 1939 ஜூன் 12-ஆம் தேதி மண்டபம் திறந்தது. இதில் சுவையான விஷயம், டபிள்டேயை மட்டும் இன்றுவரை மண்டபத்துக்குள் தேர்ந்தெடுக்கவில்லை. பொய்யின்மேல் வீடு கட்டினாலும், வீட்டுக்குள் யாரை விடுவது என்பதில் மட்டும் கறாராக இருந்திருக்கிறார்கள்!

கறார் என்றால் சாமானியமான கறார் அல்ல. ஆட்டக்காரர் குறைந்தது 10 வருஷம் ஆடியிருக்க வேண்டும். ஓய்வு பெற்று 5 வருஷம் கழிய வேண்டும். பிறகு பேஸ்பால் பத்திரிகையாளர் சங்கத்தில் 10 வருஷம் அங்கத்தினராக இருந்தவர்கள் வாக்களிப்பார்கள். ஒருவர் பத்துப் பெயருக்குமேல் எழுதக்கூடாது. நூற்றுக்கு 75 வாக்குக் கிடைத்தால் உள்ளே. 5-க்கும் குறைந்தால் பெயர் அடுத்த வருஷப் பட்டியலிலிருந்தே போய்விடும். இடைப்பட்டவர்கள் பத்து வருஷம்வரை காத்திருக்கலாம். 2014 வரை இது பதினைந்து வருஷமாக இருந்தது. அதற்குள் கிடைக்காவிட்டால் பழைய ஆட்டக்காரர்களும் நிர்வாகிகளும் சரித்திரக்காரர்களும் அடங்கிய சிறு கமிட்டிகள் உண்டு. அவற்றின் கருணைக்குக் காத்திருக்க வேண்டும்.

1936-ல் முதல் தேர்தல் நடந்தது. வாக்குச் சீட்டுகள் 226. டை காப் என்பவருக்கு 222 கிடைத்தது. பேப் ரூத்துக்கு 215. பேஸ்பால் என்ற பெயரைக் கேட்டதும் பாதி உலகத்துக்கு ஞாபகம் வருகிற பெயர் ரூத்தினுடையது. அவரை ஒதுக்கிய எழுத்தாளர்கள் 11 பேர் இருந்திருக்கிறார்கள்! பந்தெறிவதில் 511 வெற்றி பெற்றவர் சை யங். அந்தக் கணக்கை இதுவரை யாரும் எட்டவில்லை. இன்று வருஷத்தின் சிறந்த பந்தெறியாளருக்குக் கொடுக்கிற பரிசே அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் அந்த முதல் வருஷம் தேறவில்லை; மறு வருஷம்தான் தேறினார். ஜோ டிமாஜியோ 1955 வரை காத்திருந்தார். வாக்களித்த அத்தனை பேரும் ஒரே மனதாகத் தேர்ந்தெடுத்தது ஒரே ஒருவரைத்தான்: 2019-ல் மரியானோ ரிவேராவை. 2025-ல் ஜப்பானில் பிறந்த இச்சிரோவுக்கு 394-ல் 393 கிடைத்தது. எழுதாமல் விட்ட அந்த ஒருவரைத் தம் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சேர்ந்து ஒரு கோப்பை குடிக்க ஆசை என்று இச்சிரோ சொன்னார். ஆள் முன்வரவில்லை. சில மாதம் கழித்து மண்டபத்தில் பேசும்போது, அந்த அழைப்பின் கெடு முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார். விமரிசகனுக்கு இதைவிட நாகரிகமான பதிலை எந்த எழுத்தாளனும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

இது வரைக்கும் இந்தச் சண்டை ரசமானது. இதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ரசிகர்கள் வருஷக்கணக்காக வாதாடுகிற ஒரு விஷயம் உண்டு: உச்சம் பெரிதா, நீளம் பெரிதா? சாண்டி கூஃபாக்ஸ் என்ற பந்தெறியாளருக்கு முழங்கை வாதநோயால் கெட்டுப்போயிற்று. 30-வது வயதில், 1966-ல், ஆட்டத்தை விட்டுவிட்டார். மொத்த வெற்றி 165-தான். ஆனால் கடைசி நாலைந்து வருஷம் அவர் எறிந்த மாதிரி யாரும் எறிந்ததில்லை என்று பார்த்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள். டான் ஸட்டன் என்பவர் இருபத்து மூன்று பருவம் எறிந்து 324 வெற்றி பெற்றார். கூஃபாக்ஸை முதல் தேர்தலிலேயே, 1972-ல், 36 வயதில் உள்ளே கூப்பிட்டார்கள். அவ்வளவு இளம் வயதில் வேறு யாரும் உள்ளே போனதில்லை. ஸட்டன் 1998 வரை காத்திருந்தார். நாலே நாவல் எழுதிவிட்டு ஓய்ந்தவனையும், நாற்பது நாவல் எழுதியவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற சங்கடம் இது. என்னைக் கேட்டால் எழுத்தாளர்கள் இதில் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். இருவருக்கும் இடம் உண்டு. முதலில் போகவேண்டியவர் யார் என்பதையும் காட்டிவிட்டார்கள்.

கமிட்டிகள் அவ்வளவு சரியாக நடந்துகொள்ளவில்லை. ஹெரால்ட் பெயின்ஸ் என்று ஓர் ஆட்டக்காரர். 22 பருவம் ஆடியவர், நல்ல ஆட்டக்காரர், நல்ல மனிதர் என்றும் சொல்லுகிறார்கள். எழுத்தாளர்கள் தேர்தலில் அவருக்குக் கிடைத்த அதிகபட்ச ஆதரவு நூற்றுக்கு ஆறு. 2018 டிசம்பரில் 16 பேர் கமிட்டி ஒன்று அவருக்கு 12 வாக்குக் கொடுத்து உள்ளே சேர்த்தது. அந்த 16 பேரில் ஒருவர் அவரை ஆட்டுவித்த பழைய மானேஜர்; இன்னொருவர் அவர் ஆடிய கோஷ்டியின் சொந்தக்காரர். பரிசுக் கமிட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் இதையும் நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். தகுதி கொஞ்சம் குறைந்த ஒருவர் உள்ளே வந்ததால் மண்டபம் இடிந்துவிடாது. பெரிய அநியாயம் வெளியே நிற்கிறவர்கள் விஷயத்தில்தான் நடக்கிறது.

தேர்தல் விதிகளில் ஒரு விதி 1940-களின் நடுவில் சேர்ந்தது. ஆட்டத் திறமையை மட்டும் பார்த்தால் போதாது. நேர்மை, விளையாட்டுப் பண்பு, குணம் இவற்றையும் பார்க்கவேண்டும் என்கிறது. கேட்பதற்கு எவ்வளவு நன்றாயிருக்கிறது! இந்த ஒரு விதிதான் மண்டபத்தின் வாசலில் மூன்று பெரிய நிழல்களை நிறுத்திவைத்திருக்கிறது.

முதல் நிழல் ஜோ ஜாக்சன். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர், மட்டையை எடுத்தால் கவிஞர். 1919-ல் உலகத் தொடர்ப் போட்டியில் சிக்காகோ கோஷ்டியைச் சேர்ந்த 8 பேர் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு தோற்றார்கள் என்று வழக்கு வந்தது. ஜாக்சன் கைக்கு 5,000 டாலர் வந்தது நிஜம். அதே தொடரில் அவர் 12 தடவை வெற்றிகரமாக அடித்ததும் நிஜம். தோற்கவேண்டும் என்று நினைத்தவன் இப்படி ஆடுவானா என்று இன்றுவரை கேட்கிறார்கள். 1921-ல் ஜூரிகள் விசாரணைக்கு நின்ற ஆட்டக்காரர்களை விடுதலை செய்தார்கள். மறுநாளே பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ் எட்டுப் பேரையும் ஆயுள் பரியந்தம் விலக்கிவைத்தார். ஜாக்சன் 1951-ல் இறந்துபோனார்.

இரண்டாவது நிழல் பீட் ரோஸ். மட்டையால் 4,256 தடவை வெற்றிகரமாக அடித்தவர். அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை. மானேஜராக இருந்தபோது தம்முடைய கோஷ்டியின் ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டினார். 1989 ஆகஸ்டில் அவரை விலக்கிவைத்தவர் கமிஷனர் பார்ட் ஜியாமாட்டி. யேல் சர்வகலாசாலையின் தலைவராக இருந்தவர், மறுமலர்ச்சிக் கால இலக்கியத்தில் பண்டிதர். தீர்ப்பைச் சொன்ன எட்டாவது நாள் மாரடைப்பால் காலமானார். ஒரு நாவலில் இப்படி எழுதினால், செயற்கையாக இருக்கிறது என்று விமரிசகர்கள் கண்டிப்பார்கள். 1991-ல் மண்டபத்தார், விலக்கிவைக்கப்பட்டவர்கள் பெயர் வாக்குச் சீட்டிலேயே வரக்கூடாது என்று விதி செய்தார்கள். ரோஸ் பதினைந்து வருஷம் இல்லை இல்லை என்று சாதித்துவிட்டு, 2004-ல் ஒப்புக்கொண்டார். நடுவில் வருமான வரி விஷயமாக ஐந்து மாதம் சிறையிலும் இருந்தார். 2024 செப்டம்பரில் இறந்தார். 2025 மே மாதம் அப்போதைய கமிஷனர் ராப் மன்ஃப்ரெட், விலக்கு என்பது ஆயுளோடு முடிந்துவிடுகிறது என்று தீர்ப்புச் சொல்லி, ரோஸ், ஜாக்சன் முதலிய இறந்துபோனவர்களின் பெயர்களையெல்லாம் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். ஜாக்சன் இறந்து 73 வருஷம், ரோஸ் இறந்து எட்டு மாதம்.

மூன்றாவது நிழல் பாரி பாண்ட்ஸ். 762 ஹோம் ரன். ஒரே பருவத்தில் 73. லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற விருது 7 தடவை. வேறு யாருக்கும் அது மூன்று, நாலைத் தாண்டியதில்லை. இவ்வளவும் இருந்து மண்டபத்தில் இடமில்லை. காரணம் ஊக்க மருந்து. தெரிந்து உட்கொண்டதாக அவர் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. அவர்மேல் நடந்த வழக்கிலும் தண்டனை கடைசிவரை நிற்கவில்லை. ஆனால் சந்தேகம் தீரவில்லை. 2022-ல், பத்தாவது கடைசித் தேர்தலில், நூற்றுக்கு 66. பிறகு கமிட்டி, அங்கே நாலு வாக்குக்கூடத் தேறவில்லை. இதில் ஒரு விசித்திரம் சொல்லவேண்டும். பழைய சாதனையை முறியடித்த அவருடைய 756-வது ஹோம் ரன் பந்தை ஓர் ஆடைத் தொழிலதிபர் 7,50,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். இதை என்ன செய்யலாம் என்று ஜனங்களை வாக்களிக்கச் சொன்னார். சந்தேகத்துக்கு அடையாளமாக ஒரு நட்சத்திரக் குறி பொறித்துக் கூப்பர்ஸ்டவுனுக்கு அனுப்பு என்று தீர்ப்பாயிற்று. அப்படியே அனுப்பினார். பந்து உள்ளே இருக்கிறது. அடித்த கை வெளியே இருக்கிறது.

பாண்ட்ஸை வெளியே நிறுத்துகிறவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஃப்ரெட் மக்ரிஃப் என்று ஒருவர், அதே காலத்தவர். மருந்து விஷயத்தில் அவர்மேல் யாரும் விரல் நீட்டியதில்லை. 493 ஹோம் ரன் அடித்தார். வேறு காலமாயிருந்தால் அது மலைப்பான கணக்கு. பக்கத்தில் மற்றவர்கள் 600, 700 என்று அடித்துக்கொண்டிருந்ததால் எழுத்தாளர்களுக்கு அது சிறிதாகத் தெரிந்தது. பத்து வருஷமும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2022 டிசம்பரில் பாண்ட்ஸை ஒதுக்கிய அதே கமிட்டிதான் 16 பேரும் ஒரே மனதாக மக்ரிஃபை உள்ளே அழைத்தது. நேர்மையாக உழைத்தவனுடைய சம்பாத்தியம், கள்ள நாணயம் புழங்குகிற சந்தையில் மதிப்பிழந்துபோகிறது. அந்த மனிதனுக்கு நியாயம் வேண்டாமா? வேண்டும். இதற்குப் பதில் சொல்லாமல் பாண்ட்ஸுக்காக வாதாடுகிறவன் பாதி வாதத்தைத்தான் செய்கிறான்.

பதிலுக்குமுன், மண்டபத்துக்குள் ஏற்கனவே இருப்பவர்களைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

காப் ஆன்ஸன், 1939-ல் உள்ளே போனவர். 1880-களில் கறுப்பர்களோடு களத்தில் இறங்க மறுத்து, அவர்களை ஆட்டத்திலிருந்தே விலக்கிய வழக்கம் வேரூன்றக் காரணமானவர்களில் ஒருவர். ஜாக்சனை விலக்கிய லாண்டிஸ் 1920 முதல் 1944 வரை கமிஷனராக இருந்தார். அந்த இருபத்துநாலு வருஷத்தில் பெரிய லீகுகளில் ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை. அவர் இறந்த அடுத்த மாதமே மண்டபத்தில் இடம் கொடுத்தார்கள். டாம் யாக்கி, பாஸ்டன் கோஷ்டியின் சொந்தக்காரர். எல்லாக் கோஷ்டிகளுக்கும் கடைசியாக, 1959-ல்தான், அவருடைய கோஷ்டி ஒரு கறுப்பு ஆட்டக்காரரைக் களத்தில் இறக்கியது. அவர் 1980-ல் உள்ளே. மருந்து தாராளமாகப் புழங்கிய காலத்தில் ஆட்டத்தை நிர்வகித்தவர் பட் ஸெலிக். 1994 வேலைநிறுத்தத்தால் வெறுத்துப்போன ஜனங்களை மக்வயர், ஸோஸா ஆகியோருடைய 1998-ஆம் வருஷத்து ஹோம் ரன்கள் திரும்ப அழைத்து வந்தபோது கல்லாப் பெட்டி நிரம்பிற்று. தண்டனையோடு கூடிய சோதனை 2004-ல்தான் வந்தது. ஸெலிக் 2017-ல் உள்ளே போனார்.

இந்த நாலு பேருக்கும் குணத்தைப் பற்றிய விதி இடையூறு செய்யவில்லை. உடம்பில் மருந்து ஏற்றிக்கொண்டவன் குணங்கெட்டவன். ஒரு இனத்துக்கே கதவைச் சாத்தியவன் குணவான்! ஆட்டக்காரனைப் பிடிக்கிற விதி முதலாளியையும் அதிகாரியையும் பிடிப்பதில்லை. ஒரு விதி எப்போதும் ஒரே பக்கம்தான் பாய்கிறது என்றால் அது தர்மம் பேசுகிறது என்று நான் நம்பமாட்டேன்.

அந்தக் கதவு சாத்தியிருந்த காலத்தில் கறுப்பர்கள் தங்களுக்கென்று நீக்ரோ லீகுகளை ஏற்படுத்திக்கொண்டு ஆடினார்கள். ஜாஷ் கிப்ஸன் என்ற மகா ஆட்டக்காரர் 1947 ஜனவரியில், 35 வயதில், இறந்துபோனார். மூன்று மாதம் கழித்து ஜாக்கி ராபின்ஸன் பெரிய லீகில் கால்வைத்தார். 1966-ல் டெட் வில்லியம்ஸ் தம்மைக் கௌரவிக்கிற விழாவிலேயே எழுந்து, நீக்ரோ லீகுகளின் பெரியவர்களுக்கு இங்கே இடம் வேண்டும் என்று சொன்னார். அவர் வெள்ளையர் தரப்பின் மாபெரும் ஆட்டக்காரர். சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. 1971-ல் ஸாட்செல் பெய்ஜைச் சேர்க்க முன்வந்தார்கள். அப்போதும் தனிப் பகுதி ஒன்றில் வைப்பதாகத்தான் ஏற்பாடு. பந்தி ஒன்றாம், இலை மட்டும் தனியாம்! பத்திரிகைகள் சிரிக்க ஆரம்பித்த பிறகு அந்த யோசனையைக் கைவிட்டு மற்றவர்களோடு சமமாக வைத்தார்கள். 2024-ல் நீக்ரோ லீகுகளின் கணக்குகளையும் பெரிய லீகின் கணக்கோடு சேர்த்தபோது, அடிப்பதில் ஆயுட்காலச் சராசரியில் முதலிடம் டை காப்பிடமிருந்து கிப்ஸனுக்குப் போயிற்று. கிப்ஸன் இறந்து 77 வருஷம் ஆகியிருந்தது.

இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. இந்த மண்டபத்தின் பெரிய குற்றம் தகுதியில்லாதவரைச் சேர்த்ததோ, தகுதியுள்ளவரை ஒதுக்கியதோ அல்ல, தாமதம்தான். ரான் ஸாண்டோ 2010 டிசம்பரில் இறந்தார். 2011 டிசம்பரில் தேர்ந்தெடுத்தார்கள். டிக் ஆலனுக்கு 2014-ல் ஒரே ஒரு வாக்குக் குறைந்தது. அடுத்து அவரைப் பற்றி யோசிக்கவேண்டிய கூட்டம் 2020 டிசம்பரில் நடக்க இருந்தது. கொரோனா நோயினால் தள்ளிப்போட்டார்கள். அதே டிசம்பர் 7-ஆம் தேதி ஆலன் காலமானார். மறு வருஷம் கூடி, மறுபடியும் ஒரு வாக்குக் குறைந்தது. 2024-ல் தேர்ந்தெடுத்தார்கள். பட்டயத்தை வாங்கிக்கொள்ள மனைவி மேடைக்கு வந்தார். ரோஸுக்கு மரணமே சிபாரிசுக் கடிதமாக அமைந்தது. உயிரோடிருக்கிறவனைக் கண்டால் நீதிபதிகளுக்கு என்னவோ பயம். செத்தவன் பேட்டி கொடுக்கமாட்டான், மேடையில் ஏடாகூடமாகப் பேசமாட்டான், எதிர்பாராத நண்பர்களை அழைத்துவரமாட்டான். அவனுக்கு மாலை போடுவது சுலபம். எழுத்தாளர்கள் விஷயத்தில் மட்டும் இந்தச் சுலபமான வழியை நாம் அறியாதவர்களா?

சரி, என் தீர்ப்பு என்ன? மூவரையும் உள்ளே விடவேண்டும் என்பதுதான். ஆனால் அதோடு நிறுத்தமாட்டேன். ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு வெண்கலப் பட்டயம் வார்க்கிறார்கள். முகமும், கீழே சில வரிகளும். அந்த வரிகளில் உண்மை முழுவதையும் எழுதவேண்டும். 4,256 என்று எழுதுகிற அதே எழுத்தில், தம் கோஷ்டியின்மேல் பந்தயம் கட்டியதற்காக 1989-ல் விலக்கப்பட்டார் என்றும் எழுதட்டும். 762 என்பதன் கீழே, ஊக்க மருந்துச் சந்தேகம் படிந்த காலத்தின் மையத்தில் நின்றவர் என்று பொறிக்கட்டும். லாண்டிஸின் பட்டயத்தையும் இறக்கி, அவர் காலத்தில் யார் உள்ளே வரமுடியவில்லை என்பதைச் சேர்க்கட்டும். மக்ரிஃபுக்கு நியாயம் இதுதான். பாண்ட்ஸை வெளியே நிறுத்துவதால் சாதனைப் புத்தகத்தில் 762 என்ற எண் மாறிவிடவில்லை. பக்கத்தில் ஒரு வார்த்தையும் இல்லாமல் அப்படியே நிற்கிறது. உள்ளே அழைத்து எழுதிவைத்தால்தான், 493-ஐப் படிக்கிறவன் அதன் உண்மையான எடையைத் தெரிந்துகொள்வான்.

வெண்கலத்தை மாற்றமுடியுமா என்றால், மாற்றியிருக்கிறார்கள். ஜாக்கி ராபின்ஸன் 1962-ல் உள்ளே போனபோது அவருடைய பட்டயத்தில் ஆட்டக் கணக்குகள் மட்டும்தான் இருந்தன. தம்மை ஆட்டக்காரனாக மட்டுமே மதிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். நிறவேலியைத் தாண்டி முதலில் வந்தவர் என்று அதில் ஒரு வரி இல்லை. 2008-ல் புதிய பட்டயம் வார்த்து அந்த வரியைச் சேர்த்தார்கள். பெருமையைச் சேர்க்கத் திரும்ப உருக்கலாம் என்றால், சிறுமையைச் சேர்க்கவும் உருக்கலாம்.

குழந்தைகளுக்கு என்ன சொல்வது என்று சிலர் கேட்கிறார்கள். தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மண்டபத்தில் நடக்கிற பையன், இந்த மாமா பொய் சொன்னாராமே என்று கேட்டால்? கேட்கட்டும். ஆமாம், பொய் சொன்னார், ஆனால் பந்தை இவரைப்போல் அடித்தவரும் இல்லை என்று தகப்பன் சொல்லட்டும். இரண்டும் ஒரே மனிதனிடத்தில் இருக்கமுடியும் என்பதைப் பத்து வயதில் தெரிந்துகொள்கிற பையன் பிற்காலத்தில் நல்ல நாவல் வாசகனாக வருவான். நல்ல பிரஜையாகவும் வரலாம்.

கடைசியாக ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். பக் ஓ'நீல். நீக்ரோ லீகில் கான்ஸஸ் நகரக் கோஷ்டியின் ஆட்டக்காரர், பிறகு அதன் மானேஜர். 1962-ல் பெரிய லீகில் முதல் கறுப்புப் பயிற்சியாளர். தோழர்களெல்லாம் ஒவ்வொருவராக மறைந்த பிறகு, மறந்துபோன அந்த ஆட்டக்காரர்களின் கதையை ஊர் ஊராகப் போய்ச் சொன்னவர். அவர்களுக்காகக் கான்ஸஸ் நகரத்தில் ஒரு காட்சிசாலை அமையப் பாடுபட்டவர். 2006-ல் நீக்ரோ லீகுகளுக்கென்றே ஒரு விசேஷக் கமிட்டி கூடி 39 பெயர்களைப் பரிசீலித்தது. 17 பேரைத் தேர்ந்தெடுத்தது. 17 பேரும் இறந்துபோனவர்கள். பட்டியலில் உயிரோடிருந்தவர்கள் இரண்டு பேர்: ஓ'நீல், மினி மினோஸோ. இருவரும் தேறவில்லை.

அந்த 17 பேர் சார்பில் பேச யாராவது வேண்டுமே! ஓ'நீலைக் கேட்டார்கள். தம்மை ஒதுக்கிய மண்டபத்தின் மேடையில், அந்த ஜூலை மாத வெயிலில், 94 வயதுக் கிழவர் எழுந்து நின்றார். தம்மைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. இறந்துபோன நண்பர்களைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினார். கூட்டத்தில் எல்லாரையும் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அன்பைப் பற்றிய ஒரு சின்னப் பாட்டைத் தாமே பாடிப் பாடவும் வைத்தார். அந்த அக்டோபரில் காலமானார்.

2021 டிசம்பரில் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மினோஸோவையும் அன்றே தேர்ந்தெடுத்தார்கள். அவர் இறந்து ஆறு வருஷமாகியிருந்தது. ஓ'நீலின் முகம் இப்போது வெண்கலத்தில் இருக்கிறது. 2006-ல் அவர் அந்த மேடையில் எதற்காக நின்றார், எந்த நிலையில் நின்றார் என்பதையும் ஒரு வரி எழுதினால் நன்றாயிருக்கும். அந்த மண்டபத்தில் குணம் என்ற வார்த்தைக்கு அதைவிட நல்ல அர்த்தம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.